பங்குள்ளவர் சாட்சியாக முடியாது

இருபத்தேழு ஆண்டுகள் நீதிமன்றத்தில்
பிறர் வாயாக இருந்தவள் நான்.
'நான் எடுக்கவில்லை' என்று அவன் சொன்னால்
நான் எடுக்கவில்லை என்பேன் ஆங்கிலத்தில்,
முகம் மாறாமல்.
இன்று சைனாடவுனில்
பழைய கட்டடமொன்றின் நான்காம் மாடியில்
முதல்முறையாக
என் வாயில் என் பேச்சு.

வழக்கறிஞர் இங் சியாவ் லிங்குக்கு முப்பது வயதிருக்கும்.
பாதி குடித்த கோப்பி ஓ பக்கத்தில்.
தட்டச்சு செய்தபடியே கேட்கிறாள்.
திருமணம்? இல்லை.
பிள்ளைகள்? இல்லை.
இனிமேல் மணம் முடித்தால் இந்த உயில் செல்லாது,
சொல்லிவிட்டேன், என்கிறாள்.
ஐம்பத்தொன்பது வயதில்
எனக்கு வந்த சிரிப்பை
அவள் குறித்துக்கொள்ளவில்லை.

சேமநிதிப் பணம் உயிலுக்குள் வராது,
அதற்குத் தனி நியமனப் படிவம்.
பிடோக் நார்த் மூவறை வீடு என் ஒருத்தி பெயரில்.
விற்று, கடன் அடைத்து,
பாதி எதிர்வீட்டு ரொஹாயாவுக்கு,
பாதி சிறுநீரகச் சுத்திகரிப்பு நிலையத்துக்கு.

ரொஹாயாவே சாட்சிக் கையெழுத்துப் போடட்டுமே,
கீழே கோப்பிக் கடையில்தான் இருக்கிறாள், என்றேன்.

கூடாது.
பங்குள்ளவர் சாட்சியாக முடியாது.
போட்டால் பங்கு போய்விடும்.

தெரியாத சட்டமா?
எத்தனை பேருக்கு இதைத் தமிழில் சொல்லியிருப்பேன்.
என் காதில் இன்றுதான் விழுந்தது.
டெங்கியில் நான் கிடந்த பதினொரு நாளும்
வாளியும் கஞ்சியுமாக வந்தவள்,
கம்பிக்கதவு வழியே
இருபது வருடம் என்னைப் பார்த்தவள்,
பார்த்தேன் என்று எழுதக் கூடாது.
எழுத்தர் பெலிசியா எழுதலாம்.
பக்கத்து அறைப் பயண முகவர் எழுதலாம்.
அவர் வாயில் என் பெயர் நுழையவில்லை.
தில்லைநாயகி, ஐயா. சொக்கலிங்கம் மகள்.

இதெல்லாம் போக எஞ்சியது?
வழக்கறிஞர் சொன்ன ஆங்கிலச் சொல்லை
மனம் தானாகப் பெயர்க்கிறது, பழக்கதோஷம்.
எச்சம்.
மீதிக்கும் அதுதான் பெயர், பிள்ளைக்கும் அதுதான்.
இதோ சன்னல் விளிம்பில் மைனா விட்டுப்போனதும் எச்சம்.
வந்து, இருந்து, சொல்லாமல்
என்று முடிக்கும் வினைக்காகக்
காத்துக் கிடக்கும் சொல்லும் எச்சம்.

ஒன்று விட்டுப்போச்சு, என்றேன்.
ஒரு சீக்கோ கைக்கடிகாரம். அப்பாவுடையது.
என் தம்பி மாசிலாமணிக்கு.
உட்லண்ட்ஸ். புளோக் எண் தெரியாது.

அப்பா உயில் எழுதவில்லை.
பதினாறாம் நாள் காரியம் முடிந்து
பந்தல் நாற்காலிகளை அடுக்கிக்கொண்டே கேட்டான்,
கடிகாரம் எங்கே.
தெரியாது என்றேன்.
சத்தியம் பண்ணு என்றான்.
ஆயிரம் பேருக்கு உறுதிமொழி
சொல்லிக்கொடுத்த வாய்
பண்ணிற்று.
பத்தொன்பது வருடம் அவன் பேச்சில்லை.
அலமாரியில் உள்பாவாடைகளுக்கு அடியில்
அது ஏழு இருபதில் நின்றது.

அவள் முதல்முறை தலைநிமிர்ந்தாள்.
இதை இப்போதே கொடுத்துவிடலாமே,
சாட்சிகூட வேண்டாம்.

எழுதும்மா, என்றேன்.

தாள் வந்தது.
இருவரும் ஒரே நேரத்தில் பார்க்க வேண்டும், என்றதும்
பயண முகவர் கைப்பேசியிலிருந்து கண்ணை எடுத்தார்.
கடைசி வரிக்கு அடியில் நான் கையெழுத்திட்டேன்.
பிறகு என் கண்முன்னே அவர்கள்.
அவர்கள் பார்த்தது ஒரு கையை.

மின்தூக்கியில் யாருமில்லை.
கைப்பையைத் திறந்து
அதை எடுத்துக் கட்டிக்கொண்டேன்.
சாவி கொடுக்கும் வகையில்லை,
கட்டிய கை அசைந்தால்தான் ஓடும்.
வார் எனக்குப் பெரிது.

கீழே ரொஹாயா
எனக்கும் ஒரு தே வாங்கி ஆறவிட்டிருந்தாள்.
புதுசா, என்று மணிக்கட்டைப் பார்த்தாள்.
மணி என்ன?

நடுமத்தியான வெயிலில்
ஏழு இருபத்தொன்று
என்றேன்.